ஐந்தாண்டு கொடுங்கள்: ஆய்வு நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்வு நிதிக் குழுவினருக்கு,

வணக்கம். முனைவர் பட்டம் பெற்றபின் ஆய்வைத் தொடரும் முதுமுனைவர் ஆய்வாளர்களுக்கான ஒப்பந்தக் காலம் இனியும் இரண்டு ஆண்டுதான் என்ற உங்கள் முடிவு வந்து சேர்ந்தது. அதே வாரத்தில் எங்கள் குழுவின் இளம் ஆய்வாளர் ஒருவர் மேசையைக் காலி செய்துவிட்டுப் போனார். அவருக்கு நீட்டிப்பு கேட்டு நாங்கள் எழுதியதும், நீங்கள் மறுத்ததும் உங்கள் கோப்பிலேயே இருக்கும். அதைத் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. அவர் பாதியில் விட்டுப் போன வேலை என்ன என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

பெருவெடிப்பு நடந்து 67 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே சூரியனைப் போல 160 கோடி மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளை உருவாகிவிட்டது. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஜே0313-1806 என்ற குவேசாரின் (கருந்துளை வாயுவை விழுங்குவதால் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் திரள் மையத்தின்) நடுவில் இருக்கிறது அது. எப்படி அவ்வளவு சீக்கிரம் வளர்ந்தது? கருந்துளையால் வாயுவை அளவில்லாமல் விழுங்க முடியாது. உள்ளே விழும் வாயு சூடேறி வீசும் ஒளியே, பின்னால் வரும் வாயுவை வெளியே தள்ளும். எடிங்டன் வரம்பு என்பது இதுதான். அந்த வரம்பில் ஒரு நொடிகூட ஓயாமல் விழுங்கினாலும் நிறை இரட்டிப்பாக ஏறக்குறைய 3.5 கோடி ஆண்டு ஆகும். முதல் தலைமுறை நட்சத்திரம் ஒன்று மடிந்து 100 சூரிய நிறையுள்ள கருந்துளை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அது 160 கோடியை எட்ட 24 முறை இரட்டிக்க வேண்டும். அதற்கு 84 கோடி ஆண்டு வேண்டும். இருந்ததோ 67 கோடிதான். ஆக, ஒன்று அந்த வரம்பு மீறப்பட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் ராட்சத வாயு மேகம் நட்சத்திரங்களாகச் சிதறாமல் அப்படியே சரிந்து, தொடக்கத்திலேயே பல்லாயிரம் சூரிய நிறையுள்ள கருந்துளையாகியிருக்க வேண்டும். எது நடந்தது என்பதைத்தான் அவர் சூப்பர் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த வகை சிமுலேஷனை, அதாவது நடந்ததைக் கணினியில் மறுபடி நடத்திப் பார்க்கும் கணக்கை, ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். வாயு பரந்து கிடக்கும்வரை கணக்கு வேகமாக ஓடும். வாயு நடுவில் குவிந்து அடர்த்தியாக ஆக, காலத்தை மேலும் மேலும் சிறு துண்டுகளாக வெட்டித்தான் கணினி முன்னேற முடியும். லட்சக்கணக்கான ஆண்டுகளை ஒரே தாவலில் கடந்த கணக்கு, ஒவ்வொரு ஆண்டாக நகர ஆரம்பிக்கும். நாம் பார்க்கத் தவிக்கும் கட்டம் வரும்போதுதான் எல்லாம் இழுபறியாகும். அவருடைய கணக்கு அந்தக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒப்பந்தத்தில் சில வாரங்களே பாக்கி இருந்தன.

கடைசி நாள் நள்ளிரவில் கணினியில் நுழைவதற்கான அவருடைய பயனர் கணக்கு பூட்டப்பட்டது. வரிசையில் காத்திருந்த அடுத்த ஓட்டம் ரத்தானது. விட்ட இடத்திலிருந்து தொடரத் தேவையான கோப்புகள் தற்காலிகச் சேமிப்பில் இருந்தன. யாரும் தொடாததால் அவையும் தானாக அழிந்தன. கேட்டதற்கு, விதி அப்படித்தான் என்றார்கள். வேறு ஒருவரை வைத்துத் தொடரலாமே என்று உங்கள் பதிலில் எழுதியிருந்தீர்கள். நட்சத்திரம் வெடிக்கும்போது வெளிவரும் ஆற்றலில் எவ்வளவு வாயுவில் கலக்க வேண்டும், கருந்துளைக்கு அருகே கணினியால் பிரித்துப் பார்க்க முடியாத தூரத்தில் என்ன நடப்பதாகக் கொள்ள வேண்டும் என்று அந்த சிமுலேஷனின் நிரலில் அவர் எடுத்த முடிவுகள் ஏராளம். புதிதாக வருகிறவர் அதைப் படித்துப் புரிந்துகொள்ளவே ஓராண்டு போய்விடும். மிச்சமிருக்கும் ஓராண்டில் பாதி, அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போடுவதில் கழியும்.

அதனால்தான் கேட்கிறோம்: ஒப்பந்தத்தை ஐந்தாண்டாக்குங்கள்.

எங்கள் துறையில் பெயர் பெற்ற பல முடிவுகள் இரண்டாண்டில் வந்தவை அல்ல. நம் பால்வீதியின் மையத்தில் 40 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை இருப்பதை உறுதிசெய்ததற்காக ரெய்ன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அவர்கள் பின்தொடர்ந்த எஸ்2 என்ற நட்சத்திரம் அந்த மையத்தை ஒருமுறை சுற்ற 16 ஆண்டு ஆகும். இரண்டாண்டு ஒப்பந்தக்காரர் அதில் எட்டில் ஒரு பங்கு காலத்தைத்தான் பார்த்திருப்பார். கால-வெளியின் நுண்ணிய அதிர்வுகளான ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் கருவியின் விரிவான திட்டத்தை இயற்பியலாளர் ரெய்னர் வைஸ் எழுதியது 1972-ல். இரண்டு கருந்துளைகள் மோதி இணைந்த அலை அமெரிக்காவின் லைகோ என்ற அத்தகைய கருவியில் பதிவானது 2015 செப்டம்பர் 14-ல். இடையில் 43 ஆண்டு.

எங்கள் கோபம் பூட்டப்பட்ட பயனர் கணக்கோடு நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் முனைவர் பட்டம் வாங்கியபின் ஒரு கண்டத்தில் இரண்டாண்டு, இன்னொரு கண்டத்தில் இரண்டாண்டு என்று அலைகிறார். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே ஊரில் வேலை அமைவதில்லை. குழந்தையைப் பள்ளியில் சேர்த்ததும் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் பணம் இருப்பவர்கள் இதைத் தாங்குகிறார்கள். மற்றவர்கள் நாற்பது வயதுக்குள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். திறமை குறைந்தவர்கள்தான் விலகுகிறார்கள் என்று நீங்கள் நினைத்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021 டிசம்பரில் ஏவப்பட்டதிலிருந்து, யாரும் எதிர்பாராத அளவுக்குப் பிரகாசமான தொடக்ககால விண்மீன் திரள்களைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. தரவு வந்து குவிகிற இந்த நேரத்தில், அதைப் படிக்கப் பழகியவர்களை நாமே வெளியே அனுப்புகிறோம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மொத்த நிதியைக் கூட்டச் சொல்லவில்லை. அதே தொகையில் குறைவான இடங்களை அறிவித்தாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றையும் ஐந்தாண்டுக்குக் கொடுங்கள். இடம் குறைவதால் சிலர் தொடக்கத்திலேயே வாய்ப்பிழப்பார்கள் என்பது எங்களுக்கும் வலிக்கிறது. ஆனால் பத்தாண்டு அலைந்தபின் விலக்கப்படுவதைவிட அது நேர்மையானது. அப்புறம் இன்னொன்று: ஒப்பந்தம் முடிந்தவரின் பயனர் கணக்கையும் கோப்புகளையும் குறைந்தது ஓராண்டு விட்டுவையுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது, ஓர் உத்தரவு போதும்.

அடுத்த ஆண்டுக்கான விண்ணப்ப அறிவிப்பு வெளிவருவதற்கு முன் இதை உங்கள் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன். நேரில் வந்து விளக்கச் சொன்னால், வேலையை விட்டுப் போன அந்த ஆய்வாளரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
விண்மீன் திரள்களின் தோற்றத்தை ஆராயும் ஒரு வானியற்பியலாளர்