கொழும்பு கம்பனிகளை நடத்துற சேர், மேடம்மாருக்கு திருகோணமலையில இருந்து ஒரு மடல்

வணக்கம்.

இனி கிழமையில அஞ்சு நாளும் ஒஃபிசுக்கு வரவேணும் எண்டு உங்களிட்ட இருந்து ஈமெயில் வந்த ஆக்கள் எங்கட ஊரில கனபேர் இருக்கினம். உவர்மலை, உப்புவெளி, அன்புவழிபுரம், கிண்ணியா எண்டு அவரவர் வீட்டில இருந்தே உங்கட கம்பனிக்கு கோட் எழுதுற, டெஸ்டிங் செய்யுற, கணக்குப் பாக்கிற பிள்ளைகள். நானும் அதில ஒருத்தி, லண்டன் கிளையன்ட்டுக்கு எக்கவுண்ட்ஸ் செய்யுறன்.

அந்த கிளையன்ட் எங்கள் ஒருத்தரையும் நேரில கண்டதில்லை. அவருக்கு வெள்ளவத்தையும் ஒண்டுதான் திருகோணமலையும் ஒண்டுதான், பாங்க் ரெக்கன்சிலியேஷன்ல, அதாவது எங்கட கணக்கை பாங்க் கணக்கோட ஒப்பிட்டுப் பாக்கேக்க, ஒரு பவுண் இடிச்சாலும் அண்டைக்கே தெரிஞ்சிடும், கணக்கு எழுதினது கொழும்பிலயா இங்கயா எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. கண்ணுக்கு முன்னால இருந்தாத்தான் வேலை நடக்கும் எண்டு நினைக்கிற சேர்மார் இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. 2020 மார்ச்சில கேர்ஃபியூ போட்டு, பிறகு 2022ல பெற்றோலுக்கு கியூஆர் காட்டி லைன்ல நிண்ட காலத்தில, வீட்டில இருந்து செய்யுங்கோ எண்டு சொன்னது நீங்கள்தான், அப்பவும் மாசக்கடைசி கணக்கு மாசக்கடைசியிலயே முடிஞ்சது.

இங்கயிருந்து கொழும்பு கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். ஹபரணை, தம்புள்ள, குருணாகல் எல்லாம் தாண்டி இரவு பஸ்ஸில போய் விடியப்பறம் புறக்கோட்டையில இறங்கி, போர்டிங்ல குளிச்சிட்டு நேரா டெஸ்க்கில போய் இருக்கிற பிள்ளை அண்டைக்கு எவ்வளவு வேலை செய்யும்? சம்பளத்தில பெரிய பங்கு ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகுது, வயசான அம்மா அப்பா இங்க தனிய. கலியாணம் முடிஞ்சு பிள்ளை பிறந்தா அந்தப் பொம்பிளைப்பிள்ளை வேலையை விடுறதைத் தவிர வேற வழியில்லை. அவ போகேக்க ஒவ்வொரு கிளையன்ட்டின்ர ஃபைலும் எப்பிடி, யாருக்கு எந்த ரிப்போர்ட் எப்ப போகவேணும் எண்டு வருசக்கணக்கா மனசில வச்சிருந்த அவ்வளவும் அவவோடயே போகுது, புதுசா எடுக்கிற ஆளுக்கு அதெல்லாம் பிடிபட மாசக்கணக்காகும். அந்த நட்டம் உங்களுக்குத்தான் சேர்.

இது நான் மட்டும் சொல்லுற கதையில்லை. சீனாவில சீட்ரிப் எண்ட ட்ராவல் கம்பனி 2010ல ஷாங்காய் கோல் சென்டர் ஆக்களில விரும்பினவைக்குள்ள குலுக்கல் மாதிரி பிரிச்சு, ஒரு பகுதியை கிழமையில நாலு நாள் வீட்டில விட்டு ஒன்பது மாசம் பாத்தது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கலஸ் ப்ளூம் ஆக்கள்தான் அதை ஆராய்ஞ்சவை. வீட்டில இருந்தவையின்ர வேலை 13 வீதம் கூடினது, வேலையை விட்டுப் போறது பாதியாக் குறைஞ்சது, ஒஃபிஸ் இடச்செலவும் மிஞ்சினது. ஆனா தனிமை எண்டு கனபேர் பிறகு ஒஃபிசுக்கே திரும்பிப் போனவை, அதையும் நான் மறைக்கேல்ல. அதே கம்பனி பிறகு கிழமையில ரெண்டு நாள் மட்டும் வீட்டில விட்டுப் பாத்தது, 2024ல வந்த முடிவுப்படி அதிலயும் விலகிப் போறவை மூண்டில ஒரு பங்கு குறைஞ்சவை, வேலையும் பிரமோஷனும் பழுதாகேல்ல.

அதனால எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்கோ எண்டு கேக்கேல்ல. புதுசா வாற பிள்ளை முதல் மூண்டு மாசம் கொழும்பில இருந்து பழகட்டும், அது தேவையும்கூட, பக்கத்தில சீனியர் இருந்து காட்டித் தாறது ஸூம்ல வராது. அதுக்குப் பிறகு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா டீமைக் கூப்பிடுங்கோ, சந்தோசமா வருவம். மாரி காலத்தில இங்க கரண்ட் போகும், லைன் அறும், அது உண்மை. ஒரு யூபிஎஸ்ஸும் ரெண்டாவது சிம் போட்ட டொங்கிளும் தாங்கோ, கொழும்பில ஒரு டெஸ்க்குக்கு குடுக்கிற வாடகையோட பாத்தா அது ஒண்டுமில்லை.

இன்னொண்டு, வீட்டில இருந்து செய்யுறதெண்டா கொன்ட்ராக்ட்தான் எண்டு சொல்லி எங்கட ஈபிஎஃப்பை, அதாவது ஊழியர் சேமலாப நிதியை, வெட்டாதீங்கோ. வேலை அதே வேலை, அதுக்கு நீங்கள் கட்டுற 12 வீதமும் அதே 12 வீதமா இருக்கவேணும்.

இங்க கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர கோணேசபுரி கெம்பஸ்ல கம்பியூட்டர் சயன்ஸ் படிச்சு வருசா வருசம் பிள்ளைகள் வெளியில வருகினம். அடுத்த வேக்கன்சி போடேக்க இடம் கொழும்பு எண்டதோட திருகோணமலை எண்டும் ஒரு வரி சேத்துப் போடுங்கோ, எத்தினை சீவி வருது எண்டு நீங்களே பாப்பீங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையில இருந்து உங்கட கணக்குப் பாக்கிற ஒருத்தி