ஓநாய் உலவிடத்துக்கு மட்டும் வலை ஏன் இவ்வளவு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உயிரியல் பூங்காக்களுக்கும் மீட்பு மையங்களுக்கும் நாங்கள் அனுப்பும் எஸ்டிமேட்டுகளில் ஓநாய் உலவிடத்தைப் பற்றி மட்டும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இடம் 40-க்கு 25 மீட்டர். சுற்றளவு 130 மீட்டர். வேலி உயரம் இரண்டரை மீட்டர். பெருக்கினால் 325 சதுர மீட்டர் வலை. எஸ்டிமேட்டிலோ 559 என்று இருக்கிறது. மீதி 234 எங்கே போகிறது? தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்; ஆகவே விவரமாகவே எழுதுகிறோம்.

156 சதுர மீட்டர் மண்ணுக்குள் போகிறது. 78 சதுர மீட்டர் வேலியின் உச்சியில் உட்புறம் சாய்ந்து நிற்கிறது.

இந்திய ஓநாய் பார்வைக்கு ஒல்லியான நாய் மாதிரி இருக்கும். எடை பெரும்பாலும் 17 முதல் 25 கிலோ. அதைப் பார்த்துவிட்டு நாய்க்குப் போடும் வேலியையே போடச் சொல்கிறார்கள். ஆனால் ஓநாய் மண்ணைப் பறித்து வளை அமைத்துக் குட்டி போடும் விலங்கு. வேலியை ஒட்டியே நடக்கும். மழைக்கு மண் இளகிய இடம் கிடைத்தால் வேலிக் காலடியிலேயே பறிக்கத் தொடங்கும். வலையை நேர் கீழே அரை மீட்டர் புதைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. வலையை ஒட்டியே கீழே இறங்கி அடுத்த பக்கம் ஏறிவிடும். அதனால் வலையை உட்புறமாக ஒரு மீட்டர் அகலத்துக்குப் படுக்கையாக விரித்து, அதன் மேல் 15 முதல் 20 செ.மீ. மண் மூடுகிறோம். பறிக்கிற ஓநாய்க்குக் காலடியில் வலை தட்டும். ஒரு மீட்டர் பின்னால் போய்த் தொடங்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. வேலியோடு சேர்த்துக் கட்ட 20 செ.மீ. மேலேறும். ஆக சுற்றளவின் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.2 சதுர மீட்டர். அதுதான் 156.

மண்ணுக்குள் படுக்கையாக விரிக்கும் இந்த வலையைப் பாவாடை வலை என்போம். அது கெட்டுப்போவது பெரும்பாலும் வலையால் அல்ல, கட்டுக்கம்பியால். சென்டரிங் வேலைக்கு வாங்கும் மெல்லிய கட்டுக்கம்பி மண்ணுக்குள் சீக்கிரம் துருப்பிடித்து அறும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 30 செ.மீ.க்கு ஒரு கட்டு, அதுவும் வலைக்குச் சமமான தடிமனுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய) கம்பியில். உப்பு மண்ணாக இருந்தால் பிவிசி உறையிட்ட வலை. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

உச்சியில் 60 செ.மீ. வலை 45 டிகிரியில் உள்நோக்கிச் சாயும். மூலைகளில்தான் இது மிகவும் தேவை, அங்கேதான் விட்டும் போகிறது. செங்கோண மூலையில் ஓநாய் இரண்டு பக்க வலையையும் மாறி மாறி உதைத்து மேலேறும். அடிபடும் ஓநாயை மற்றவை துரத்தி ஒதுக்குவதும் அந்த மூலைக்குத்தான். எனவே மூலைகளை மழுக்கி, இரண்டு அகன்ற கோணங்களாக உடைக்கிறோம். மரம், மண்மேடு, பாறை எதுவானாலும் வேலியிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

வலை 4 மி.மீ. கம்பி, 50 மி.மீ. கண். தோட்டத்து வேலிக்குப் போடும், இதைவிட மெல்லிய 12 கேஜ் கம்பியைக் கேட்காதீர்கள். தளர்ந்த மெல்லிய வலையை ஓநாய் கவ்வி இழுக்கும். இழுத்து இழுத்துக் கோரைப்பல் உடையும். உடைந்த பல் சீழ் பிடித்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் வைத்தியம். அடியிலும் நடுவிலும் இழுவைக் கம்பி ஓட்டி வலையை விறைப்பாக வைப்பது அதற்காகத்தான். முள்கம்பி உட்புறம் எங்குமே கூடாது. மின்வேலி துணைக்கு இருக்கலாம். மின்சாரம் போகும் ஊரில் அதை மட்டும் நம்ப முடியாது.

அடுத்தது கதவு. இரட்டைக் கதவுக்கு நடுவிலுள்ள அறையை இரண்டரை மீட்டர் நீளம் என்று எழுதினால், ஒன்றரை போதும் என்று வெட்டுகிறார்கள். தள்ளுவண்டி அதற்குள் அடங்காது. அடங்காவிட்டால் பராமரிப்பாளர் இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்துதான் வண்டியைத் தள்ளியாக வேண்டும். பிறகு இரட்டைக் கதவு வைத்து என்ன பயன்? கதவுக்கு அடியில் கான்கிரீட் வாசற்படி, இடைவெளி 5 செ.மீ.க்குள்.

வெளிச்சுற்று வேலியை எஸ்டிமேட்டிலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள். இரண்டு மீட்டர் தள்ளி, அடிப்பகுதி ஒரு மீட்டருக்குத் தகடு அடித்தது. அது பார்வையாளருக்காக மட்டும் அல்ல, தெருநாய்க்காக. டிஸ்டம்பர், பார்வோ, வெறிநோய் ஆகிய மூன்று வைரஸ் நோய்களும் நாயிடமிருந்து ஓநாய்க்குத் தொற்றும். ஒற்றை வலை இருந்தால் மூக்கும் மூக்கும் உரசிக்கொள்ளும். 2018-ல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது உடல்கள் சிலவற்றில் டிஸ்டம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது. இந்திய ஓநாய்களே மொத்தம் சுமார் 3,000 என்ற நிலையில், பூங்காக்களிலும் மீட்பு மையங்களிலும் உள்ள ஒவ்வொன்றும் முக்கியம்.

நன்கொடையாளர் பணத்தில் கட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பார்வையாளர் மேடைக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன், நெருக்குக் கூண்டுக்கு (பக்கத் தடுப்பை நகர்த்தி விலங்கை அசையாமல் நிறுத்தும் கூண்டு) ஒதுக்குங்கள். உலவிடத்துக்கும் இரவு அறைகளுக்கும் நடுவே அதை வழியாகவே வைத்தால் ஓநாய் தினமும் அதைக் கடந்து போகும். ஊசி போடும் நாளன்று மயக்கத் துப்பாக்கி தேவைப்படாது. உணவு அறைகள் தலைக்கு ஒன்று. சேர்த்துப் போட்டால் வலியது தின்றுவிடும், மற்றது இளைக்கும், யார் தின்னவில்லை என்பதும் தெரியாது. வாரம் ஒருநாள் பட்டினி போடும் வழக்கம் உள்ள இடங்களில், அன்றும் ஒரு பச்சை எலும்பு அறைக்குள் வையுங்கள். உள்ளே வரும் பழக்கம் விட்டுப்போகாது. வேகவைத்த எலும்பு வேண்டாம், சிதறிக் குடலைக் கிழிக்கும்.

வீட்டிலோ பண்ணையிலோ ஓநாய் வளர்க்கக் கூண்டு கேட்பவர்களுக்கு நாங்கள் செய்து தருவதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரக் கடிதத்தைப் பார்த்த பிறகே அளவெடுக்க வருகிறோம்.

எஸ்டிமேட் கேட்கும்போது மண் வகை, சரிவு எந்தப் பக்கம், வேலியைக் கடக்கும் மழைநீர் வழிகள் எத்தனை, எத்தனை ஓநாய்கள், ஜோடி சேர்க்கும் எண்ணம் உண்டா என்பவற்றையும் எழுதி அனுப்புங்கள். மழைநீர் வழி ஒவ்வொன்றுக்கும் 5 செ.மீ. இடைவெளியில் கம்பி அழி தனியாகப் போட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் வேலை பாதியில் நிற்கும். ஏற்கெனவே கட்டிக் கொடுத்த இடங்களில் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் எங்கள் ஆள் ஒரு கம்பியோடு வந்து, பாவாடை வலையை மீட்டருக்கு மீட்டர் குத்திப் பார்ப்பார். அதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
வேலிப் பட்டறையினர்