புதிய பாடல்களுக்கும் மேடை கொடுங்கள்

கொழிஞ்சாம்பாறை வட்டாரக் கலைவிழாக் குழுவினருக்கு,

வணக்கம். நம் ஊர்ப் பிள்ளைகளின் ராக் இசைக்குழு இவ்வாண்டு விழாவில் பழைய பாடல்களை மட்டுமே வாசிக்க வேண்டும் என்று நீங்கள் விதித்திருக்கும் நிபந்தனையைக் கைவிடுமாறு வேண்டி இம்மடலை எழுதுகிறேன்.

புதிய பாடல்கள் இருண்டு கிடக்கின்றன, கூட்டம் கலைந்துவிடும் என்பது உங்கள் கவலை. இரண்டு கிதார்கள் இடைவிடாமல் முழங்க, பல்லவியை மைதானமே சேர்ந்து பாடிய குழு என்பதால் அக்கவலை எனக்கும் புரிகிறது. இப்போது ஒரு கிதார் விலகிவிட்டது. எஞ்சியது ஓரிரு சுரங்களைத் தொட்டுவிட்டு நிற்கிறது. மெட்டை, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதார் சுமக்கிறது. பாடகர் குரலை உயர்த்துவதே இல்லை. போஸ்ட்-பங்க் எனப்படும் இவ்வழிக்கு 40 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மரபு உண்டு. 1979இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த ஜாய் டிவிஷன் குழு தன் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்தபோது, தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்ஸின் பகுதிகளைத் தனித்தனியே வாசிக்கச் சொல்லி, ஒலிகளுக்கு நடுவே வெற்றிடம் தெரியும்படி அமைத்தார். மேடையில் ஆவேசமாக வாசித்துப் பழகிய அக்குழுவின் கிதார் கலைஞர் பெர்னார்ட் சம்னருக்கும் பேஸ் கலைஞர் பீட்டர் ஹுக்குக்குமே அது முதலில் பிடிக்கவில்லை. பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் அந்த வெற்றிடத்திலிருந்துதான் பாடம் கற்றன. இங்கிலாந்தின் தி க்யூர் குழுவும் 1979இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டு, அடுத்த ஆண்டே இன்னும் மங்கலான, அடர்த்தி குறைந்த ஒலிக்குச் சென்றது.

நம் பிள்ளைகளிடம் எனக்குப் பெரிதாகப் படுவது, கிதார் முழக்கத்தின் அடியில் புதைந்திருந்த அவர்களின் தமிழ் இப்போது சொல் சொல்லாகக் கேட்கிறது என்பதே. வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் களைப்பையும் மழை பொய்த்த வயல்களையும் அவர்கள் பாடுகிறார்கள். கைதட்டத் தூண்டும் மெட்டில் அவற்றைப் பாடியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

தயவுசெய்து அவர்களைச் செண்டை மேளத்துக்கு அடுத்ததாக நிறுத்தாதீர்கள்; மேளம் கேட்ட காது அடங்குவதற்குள் தொடங்கினால் இந்த இசை வெறுமையாகத்தான் ஒலிக்கும். சவுண்ட் செட்காரரிடம் எக்கோவைக் குறைத்து, பேஸ் தெளிவாகக் கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள். கூட்டம் சேருவதற்கு முன்பே ஒலியைச் சரிபார்க்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள். பழைய பாடல்களில் எவற்றை வாசிப்பது, வாசிப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் விழாவுக்குத் தவறாமல் வரும் ஒரு ரசிகர்