பரிசுப் பட்டியலைப் பெயர்களிலிருந்து தொடங்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களின் சிறப்புப் பக்கங்களில் பரிசுகளைப் பற்றிய யோசனைகள் இடம்பெறுகின்றன. தங்கள் நாளிதழும் அத்தகைய பக்கங்களை அக்கறையோடு வெளியிட்டு வருகிறது. அவற்றை விடாமல் படிப்பவள் என்ற உரிமையில் ஒரு குறையைச் சொல்ல விரும்புகிறேன். அந்த யோசனைகள் பெரும்பாலும் பொருளில் தொடங்கிப் பொருளிலேயே முடிந்துவிடுகின்றன. எந்த விலைக்கு எதை வாங்கலாம் என்பதே அவற்றின் வரிசையாக இருக்கிறது. மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாத குடும்பத் தலைவி ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், குறைந்த விலைப் பரிசுகள் என்று போட்டிருப்பவற்றைக்கூட வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் எப்படி வாங்குவது என்ற கவலையோடுதான் மடித்து வைப்பார். அவரை மனத்தில் வைத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கைச்செலவுக்கே கணக்குப் பார்க்க வேண்டிய வீட்டில் பரிசுத் திட்டத்தை, பரிசு பெறுபவரின் பெயரை எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இது வெறும் நல்லெண்ணப் பேச்சு இல்லை. இதற்குப் பொருளியல் காரணமும் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல், பண்டிகைப் பரிசுகளைப் பெற்ற கல்லூரி மாணவர்களிடம் அப்பரிசுகள் தங்களுக்கு எவ்வளவு மதிப்புடையவை என்று கேட்டு, அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கொடுத்தவர் செலவழித்த தொகையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெற்றவருக்கு எந்தப் பயனும் தராமல் வீணாகிவிடுகிறது என்று அவர் கணக்கிட்டார். அன்றாடம் பழகுபவர்கள் தந்த பரிசுகளில் இந்த இழப்பு குறைவாகவும், எப்போதாவது சந்திக்கும் உறவினர்கள் தந்தவற்றில் அதிகமாகவும் இருந்தது. ஒருவரைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோமோ அவ்வளவு பணம் விரயமாகிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். வசதி உள்ளவர் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வார். எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்தால் அது முடியாது.

விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. பிரான்சிஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் கேப்ரியல் ஆடம்ஸுடன் இணைந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. விலை உயர்ந்த பரிசை அதிகமாகப் பாராட்டுவார்கள் என்று கொடுப்பவர்கள் எதிர்பார்த்தார்கள். பெற்றவர்களின் பாராட்டுக்கும் விலைக்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அவரே பிரான்செஸ்கா ஜீனோவுடன் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தாங்கள் கேட்ட பொருளே பரிசாக வந்தபோது பெற்றவர்கள் கூடுதலாக மகிழ்ந்தார்கள் என்பதும், கேட்டதையே கொடுத்தால் அக்கறை இல்லாததுபோல் தோன்றும் என்று கொடுப்பவர்கள் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் தெரியவந்தன. ஆகவே, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று வாய்விட்டுக் கேட்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. இந்தத் தொகைக்குள் என்ன வேண்டும் என்று எல்லையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், கேட்பவருக்கும் சங்கடம் இல்லை, சொல்பவருக்கும் சங்கடம் இல்லை.

எனினும், வயதானவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பது அரிது. "எனக்கு எதற்கு இப்போது?" என்பதோடு அவர்கள் முடித்துக்கொள்வார்கள். அங்கேதான் கவனிக்கும் பழக்கம் கைகொடுக்கிறது. ஒரு சிறிய நோட்டில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர்கள் போகிற போக்கில் சொல்லும் குறைகளையும் அன்றாடம் படும் சிறு சிரமங்களையும் அவ்வப்போது குறித்து வைத்தால், பண்டிகை வரும்போது யோசிக்க வேண்டிய வேலையே இருக்காது. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் தைப்பதில் மிகுந்த விருப்பம் உண்டு. பார்வை மங்கிய பிறகு ஊசியில் நூல் கோப்பது மட்டும் முடியாமல் போயிற்று. ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருப்பதை எண்ணியே பழைய துணிகளை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். அதைக் கவனித்திருந்த பேத்தி, பஞ்சு அடைத்த ஒரு சிறிய துணி மெத்தையில் ஊசிகளை வரிசையாகக் குத்தி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிறத்தில் முழ நீள நூல் கோத்து, நூல்கள் சிக்கிக்கொள்ளாதபடி அந்தந்த ஊசியிலேயே சுற்றிவைத்துக் கொடுத்தாள். ஊசிகள் தீர்ந்ததும் மீண்டும் கோத்துத் தருவதாகவும் ஒப்புக்கொண்டாள், அப்படியே செய்தும் வருகிறாள். அந்தப் பரிசுக்கு ஆன செலவு சொல்லும்படியானது இல்லை. ஆனால், எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் அது கிடைத்திருக்காது. அந்தப் பெரியவரின் கைவிரல்களை அருகிலிருந்து பார்த்தவளுக்கு மட்டுமே அது தோன்றியிருக்க முடியும்.

இனி பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று முடிவு செய்துகொண்டு கூட்டிப் பார்ப்பதுதான் பல வீடுகளின் வழக்கம். அப்படிக் கூட்டினால் தொகை எப்போதும் கைக்கு மீறியே நிற்கும். கடன் வாங்காமல், வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றில் கைவைக்காமல் ஒதுக்கக்கூடிய மொத்தத் தொகை எது என்பதை முதலில் எழுதி, அதைத்தான் பெயர்களுக்குப் பிரிக்க வேண்டும். அந்த மொத்தத்திலேயே பொட்டலம் கட்டும் காகிதம், அஞ்சல் அல்லது கூரியர் செலவு, பொம்மைக்கான பேட்டரி, நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான பயணச் செலவு ஆகியவையும் அடங்க வேண்டும். பொருளை மட்டும் கணக்கில் வைத்துவிட்டு இவற்றை மறந்துவிடுவதுதான் கடைசி வாரத்தில் கையைக் கடிக்கிறது. பண்டிகை முடிந்த மறு மாதமே தொடங்கி, மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மாதந்தோறும் தனியே எடுத்து வைக்க முடிந்தால் மிகவும் நல்லது. அது முடியாத வீட்டில், ஆண்டின் நடுவில் கண்ணில் படும் பொருத்தமான பொருளை அப்போதே வாங்கிப் பெயர் எழுதி வைப்பதும் ஏறக்குறைய அதே பலனைத் தரும்.

கடன் அட்டையைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். மாதத்துக்கு 3 விழுக்காடு என்று கேட்கும்போது சிறிய வட்டியாகத்தான் தோன்றும். கட்டாத பாக்கி வட்டியோடு சேர்ந்து வளரும்போது ஆண்டு முடிவில் அது 42 விழுக்காட்டைத் தாண்டிவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அடுத்த பண்டிகை வரும்போதும் சென்ற பண்டிகையின் கடன் நின்றுகொண்டிருக்கும். வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்யப்படுபவற்றிலும் ஒரு தவணை தவறினால் அபராதம் விழுவதுண்டு. பரிசு பெற்றவருக்கு இந்தச் சுமை தெரிந்தால் அவர் மகிழ்வாரா என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தள்ளுபடியும் அவ்வாறே. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதற்காக வாங்கிவிட்டு, அந்த இரண்டாவது பொருளை யார் தலையில் கட்டுவது என்று பின்னால் ஆள் தேடுவது பரிசளிப்பு ஆகாது.

கூட்டம் பெரிதாக உள்ள குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கல் முறையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். பத்துப் பேர் ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பதென்றால் 90 பரிசுகள் தேவைப்படும். ஒவ்வொருவரும் ஒரு பெயரை எடுத்து அவருக்கு மட்டும் கொடுப்பதென்றால் பத்துப் பரிசுகளே போதும், ஒன்பது பேருக்குச் சிதறவேண்டிய யோசனையும் ஒருவரிடமே குவியும். தம் பெயரே தம் கைக்கு வந்துவிட்டால் சலிப்படையத் தேவையில்லை. நான்கு பேரோ அதற்கு மேலோ எடுக்கும் குலுக்கலில் யாராவது ஒருவருக்காவது அப்படி நேர்வது 100-க்கு ஏறத்தாழ 63 முறை நடக்கும் என்பது கணித உண்மை. எல்லாச் சீட்டுகளையும் திரும்பப் போட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கணவனும் மனைவியும் ஒருவர் பெயரை ஒருவர் எடுக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், அதிகம் பழகாத அத்தைக்கும் மருமகனுக்கும் இடையில்கூட ஒரு பேச்சு தொடங்கும். குலுக்கலை விடுமுறைக்குப் பல வாரங்கள் முன்பே நடத்திவிடுவது முக்கியம், ஏனென்றால் ஒருவரைக் கவனிக்க நாள் வேண்டும்.

பரிசுச் செலவுக்கு ஓர் எல்லை வைப்போம் என்று யார் முதலில் சொல்வது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. பரிசு என்பது தானாக மனமுவந்து தரப்படுவதுபோல் தோன்றினாலும், கொடுக்கவும், பெற்றுக்கொள்ளவும், திருப்பித் தரவும் கடமைப்பட்ட ஓர் ஏற்பாடாகவே அது பல சமூகங்களில் இயங்கி வந்திருக்கிறது என்று பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் மார்செல் மோஸ் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். வசதியுள்ள உறவினர் அன்போடு தரும் விலையுயர்ந்த பொருள், அதைப் பெறும் குடும்பத்தின்மேல் சொல்லாத கடனாக உட்கார்ந்துகொள்கிறது. எனவே பரிசுத் தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாம் என்ற பேச்சை வசதி குறைந்தவர் எடுக்கும்வரை காத்திருக்காமல் வசதி உள்ளவரே எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் மூத்தவர் ஒருவர், "இந்த ஆண்டு எல்லோரும் இதற்குள் நிறுத்திக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டால் யாருடைய சுயமரியாதைக்கும் பங்கம் வராது. உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பெற்றோருக்கு ஒரே பொருளாக வாங்கும்போதும், யார் எவ்வளவு போட்டார்கள் என்பது ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பது நல்லது.

குழந்தைகளைப் பற்றிய கவலைதான் பெற்றோரை மிகவும் வாட்டுகிறது என்பதை அறிவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது தம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் சுலபமாக ஒதுக்கிவிடக்கூடியது இல்லை. ஆயினும், அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அவர்களுக்கு ஆறுதல் தரக்கூடும். ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள குழந்தைகளை ஒருமுறை நான்கு பொம்மைகளோடும் மற்றொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தபோது, நான்கு மட்டும் இருந்த வேளையில்தான் அவர்கள் ஒவ்வொரு பொம்மையோடும் நீண்ட நேரம், பலவிதமாக விளையாடினார்கள். சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் வீட்டு நிலையை மறைக்காமல், அதே நேரம் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். "ஒரு பெரிய பொருளா, இரண்டு சிறிய பொருள்களா, நீயே தேர்ந்தெடு" என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது புரியும். தம்பிக்கோ தங்கைக்கோ பரிசு தேடும் பொறுப்பையும் ஒரு சிறு தொகையையும் அந்தப் பிள்ளையிடமே ஒப்படைத்தால், தனக்கு என்ன வரும் என்பதிலிருந்து அதன் கவனம் தானாகவே விலகும்.

கையால் செய்யும் பரிசுகளைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வண்ணங்கள், கம்பளி நூல், பசை, சட்டம் என்று வாங்கிக்கொண்டே போனால் ஆயத்தப் பொருளைவிடச் செலவு கூடிவிடும். பழக்கமில்லாத கைவேலையைக் கடைசி வாரத்தில் தொடங்கினால் தூக்கமும் கெடும். ஏற்கெனவே கை பழகிய வேலையாக இருந்தால் செய்யலாம். பழையதைச் சீர்ப்படுத்தித் தருவது இதைவிடச் சிறந்தது என்பது என் எண்ணம். நின்றுபோன கைக்கடிகாரம், முதுகு பிரிந்த அகராதி, நிறம் மங்கிய திருமணப் புகைப்படம் ஆகியவை எந்த வீட்டிலும் இருக்கும். அவற்றின் உரிமையாளர் அவற்றை விட்டுவிட மனமில்லாமல்தான் வைத்திருக்கிறார் என்பதால், அது அவருக்குப் பிடிக்குமா என்ற ஐயமே எழாது.

நேரத்தைப் பரிசாகத் தருவதும் அப்படியே, ஒரே ஒரு நிபந்தனையோடு. என்றாவது ஒரு நாள் வந்து உதவுகிறேன் என்று அட்டையில் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதிகளில் பெரும்பாலானவை நிறைவேறுவதில்லை, ஏனென்றால் கேட்டுப் பெற வேண்டிய சங்கடம் பெற்றவரின் தலையில் விழுகிறது. கைக்குழந்தையோடு தனியே சிரமப்படும் தங்கைக்கு, "மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை முழுவதும் குழந்தை என் பொறுப்பு" என்று நாளையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தால்தான் அது பரிசு. தாத்தாவின் இளமைக் கால நினைவுகளைக் கைப்பேசியில் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்புவதற்குப் பணமே தேவையில்லை. கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு, ஒரு அமர்வில் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் கேட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் தலைப்பும் இட்டுப் பாதுகாத்தால் போதும். முதலில் பேரப்பிள்ளைகளுக்குப் பரிசாகத் தோன்றும் அது, தம் பேச்சைக் கேட்க ஒருவர் வந்து உட்கார்ந்தார் என்பதால் தாத்தாவுக்கும் பரிசாகிறது.

இறுதியாகத் தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். பண்டிகைப் பரிசுச் சிறப்புப் பக்கத்தை விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் வெளியிடாமல், குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிடுங்கள். திட்டமிட்டுச் செலவழிக்க வேண்டியவர்களுக்கு அந்த இரண்டு மாதங்கள்தான் மூலதனம். அத்துடன், விலைப்பட்டியலோடு கூடிய பொருள் அறிமுகங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது, தங்கள் வீட்டில் ஒருவரைக் கவனித்து அவருக்குப் பொருந்தும்படி எளிய பரிசைத் தந்த வாசகர்களின் அனுபவங்களுக்கு ஒதுக்குங்கள். எந்த உறவுக்கு, எந்தச் சிரமத்தைப் பார்த்து, என்ன கொடுத்தார்கள் என்ற மூன்று விவரங்களை மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டால் போதும். ஒரு பக்கத்தில் இருபது, முப்பது வீடுகளின் அனுபவங்களைத் தாராளமாக அச்சிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி