ரோமானிய அரசியர் நாணயம்: எந்த ஊரில் அடித்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாணயக் கண்காட்சி பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியில், பெண் உருவம் பொறித்த வெண்கல நாணயம் ஒன்றின் படத்தை வெளியிட்டு, அது பண்டைத் தமிழகத்துடன் ரோமானியர் நடத்திய வணிகத்துக்குச் சான்று என்று குறிப்பிட்டிருந்தீர்கள். படத்தில் அந்த முகத்தைச் சுற்றி இருந்தவை கிரேக்க எழுத்துகள். அந்த முடிவை ஐயுற அது ஒன்றே போதும்.

ரோம் நகர அக்கசாலை (நாணயம் அடிக்கும் கூடம்) வழக்கமாக அடித்த காசுகளில் இலத்தீன் எழுத்துகளே இருக்கும். பேரரசின் கிழக்கு மாகாணங்களிலோ நூற்றுக்கணக்கான நகரங்கள் தத்தம் சந்தைத் தேவைக்காகத் தாமே வெண்கலக் காசு அடித்துக்கொண்டன. அவற்றுள் பெரும்பாலானவை கிரேக்கத்தில் எழுதின. அக்காசுகள் அந்தந்த வட்டாரத்துக்குள்ளேயே புழங்கியவை. அக்காலத்தில் கடல் கடந்து நம்மிடம் வந்தவை பெரும்பாலும் பொன்னும் வெள்ளியும்தான். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் கிடைத்த சிறிய ரோமானியச் செப்புக்காசுகள் பெரும்பாலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை; 3ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே அந்தக் கிழக்கு நகரங்கள் காசு அடிப்பதை நிறுத்திவிட்டன. ஆகவே, கிரேக்க எழுத்துள்ள அரசியின் வெண்கலக் காசைக் காட்டி ‘ஆற்று மணலில் கிடைத்தது’ என்று விற்பவர் சொன்னால், அதை அப்படியே அச்சேற்றாமல் இருப்பது நல்லது.

இதனால் அந்தக் காசின் மதிப்பு குறைந்துவிடாது. கொங்குப் பகுதியில் குவியலாகக் கிடைத்த, ரோமானியப் பேரரசர் திபேரியஸின் வெள்ளிக்காசில் அமர்ந்திருக்கும் பெண் அவருடைய தாய் லிவியா என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் பெயர் பொறிக்கப்படவில்லை. இன்றைய துருக்கியில் இருந்த பெர்கமம் நகரத்தின் வெண்கலக் காசோ அதே லிவியாவைப் பெயர் சொல்லி, கிரேக்கத் தெய்வமான ஹீரா தேவியாகவே காட்டுகிறது. மறுபக்கத்தில் பேரரசர் அகஸ்டஸின் மகள் ஜூலியா, காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியாகக் காட்சி தருகிறாள். அந்த ஜூலியாவைத் தந்தையே கி.மு. 2இல் நாடு கடத்தினார் என்பது தனிக்கதை. பேரரசர் மூன்றாம் கோர்டியனின் மனைவி டிராங்குவில்லினாவுக்கு ரோமில் அடித்த காசுகள் மிக அரியவை. அவள் முகத்தை இன்று நாம் தாராளமாகக் காண்பது மாகாண வெண்கலத்தில்தான். இன்றைய பல்கேரியாவில் இருந்த மார்சியானோபோலிஸ் நகரம், பேரரசன் கரகல்லாவையும் அவன் தாய் ஜூலியா டோம்னாவையும் எதிரெதிரே நோக்கும்படி ஒரே பக்கத்தில் பொறித்து, பின்பக்கத்தில் ஆளுநரின் பெயரோடு தன் பெயரையும் எழுதிக்கொண்டது. பேரரசர் டிராஜன் தன் தமக்கை மார்சியானாவின் பெயரால் அமைத்த ஊர் அது.

எனவே, இத்தகைய காசின் வரலாறு முகத்தில் பாதி, பின்பக்கத்து ஊர்ப்பெயரில் பாதி. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நடுகற்களில் மன்னனின் ஆட்சியாண்டைத் தேடிப் படித்துக் காலம் கணிப்பதைப் போலவே, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்த அரசியர் காசிலும் பேரரசரின் ஆட்சியாண்டைப் படித்துக் காலம் சொல்லலாம். தாங்கள் அரசியின் முகத்தை மட்டும் வெளியிட்டதால், வாசகருக்கு அந்தப் பாதி கிட்டாமல் போயிற்று. இனி இரு பக்கங்களின் படத்தையும், எடை, விட்டம், அது எங்கிருந்து சேகரிப்பாளர் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். ஐரோப்பிய ஏலத்தில் வாங்கியது என்றால் அப்படியே சொல்வதில் குறைவொன்றும் இல்லை.

மேலும், களிம்பேறிய காசைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதனால் எழுத்துகள் கரைந்து ஊர்ப்பெயரே அழிந்துபோகும். உண்மையாகவே நிலத்தில் புதையலாகக் காசுகள் கிடைத்தால், அவற்றைத் துலக்காமல், பிரிக்காமல் வைத்து, 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அடுத்த கண்காட்சிச் செய்தியோடு ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நாணய ஆர்வலர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.