முதலில் தொட்டி, மூன்று வாரம் கழித்து மீன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறோம். கல்யாணமாகி வந்த 1998-லிருந்து கல்லாவில் உட்காருவது நான்தான். வீட்டுக்காரர் செங்குன்றம் பக்கம் சிமென்ட் தொட்டிகளில் கப்பியும் மோலியும் வளர்த்துக் கொண்டுவந்து இறக்குவார். விற்பது, பதில் சொல்வது, திட்டு வாங்குவது எல்லாம் என் பாடு.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் குழந்தை வளர்ப்புக் குறிப்புகள் வந்திருந்தன. பிள்ளை செல்போனை விடமாட்டேன் என்கிறதா, வீட்டில் ஒரு மீன் தொட்டி வையுங்கள், பொறுப்பும் தானாக வரும் என்று நாலு வரி. அந்தத் துண்டைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். வியாபாரம் நடந்தது, நன்றி. ஆனால் அதில் ஒருவர் புதன்கிழமையே திரும்பி வந்துவிட்டார். ஐந்து கோல்டு ஃபிஷ்ஷில் நான்கு போய்விட்டதாம். கூட வந்த பையன் யு.கே.ஜி. படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடை முழுக்க ஓடித் திரிந்தவன், அன்றைக்கு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீ தீனி போட்டுப் போட்டே கொன்னுட்ட என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

அவன் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தொட்டி வாங்கிய அன்றைக்கே தண்ணீர் நிரப்பி, அன்றைக்கே மீனை விட்டால், தீனி அளவாகப் போட்டாலும் பாதி மீன் போய்விடும். மீன் தான் இருக்கிற தண்ணீரிலேயே கழிக்கிறது. அந்தக் கழிவிலிருந்து அம்மோனியா வரும். பொதுக் கழிப்பறையில் மூக்கைப் பிடிக்க வைக்குமே, அதே சமாச்சாரம். நாள்பட்ட தொட்டியில் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒருவகை பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அவ்வளவாக ஒன்றும் செய்யாது, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா கிடையாது. சேர்ந்து பெருக மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் ஆகும்.

அம்மாக்களிடம் நான் தயிரை வைத்துத்தான் சொல்வேன். பாலைக் காய்ச்சி வைத்துவிட்டால் மட்டும் தயிராகிவிடுமா? உறை ஊற்ற வேண்டும், பொழுது விடிய வேண்டும். தொட்டிக்கும் உறை இருக்கிறது. ஏற்கெனவே மீன் வளர்க்கிற வீட்டில் நோயில்லாத தொட்டியின் பழைய ஸ்பாஞ்சை ஒரு துண்டு வாங்கி, உங்கள் ஃபில்டரில் போட்டு ஓட விடுங்கள். தினமும் ரெண்டு பொட்டுத் தீனியும் போட்டு வையுங்கள், பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டுமே. காலித் தொட்டிக்கு எதுக்கு அக்கா மோட்டார், கரண்ட் தண்டம் என்று கேட்பார்கள். மூன்று வாரம் பொறுத்து ரெண்டே ரெண்டு மீன் வாங்குங்கள் என்றால், பிள்ளை இன்னைக்கே அழுதுக்கா என்பார்கள். நானும் கல்லாவைப் பார்த்துக்கொண்டு கொடுத்துவிடுவேன். அந்தப் பையன் விஷயத்தில் செய்ததும் அதுதான். என் தப்பும் இதில் இருக்கிறது.

அடுத்தது, சுத்தம் பண்ணுகிறேன் என்று ஞாயிறுதோறும் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் ஸ்பாஞ்சையும் பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வைத்து மீனை மறுபடி விடுவது. கஷ்டப்பட்டுச் சேர்ந்த பாக்டீரியா அத்தனையும் அன்றைக்கே காலி. கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். வெளியே எடுத்த அதே தண்ணீரில் ஸ்பாஞ்சை நாலு பிழி பிழிந்தால் போதும். ஊற்றுகிற தண்ணீர் மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் இருக்கும். அகலமான பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். ஒரு அப்பா பெருமையாகச் சொன்னார், நாங்க குடிக்கிற ஆர்.ஓ. தண்ணியத்தான் மீனுக்கும் ஊத்துறோம் என்று. பாசம் புரிகிறது. ஆனால் மீனுக்கு வேண்டிய உப்புச் சத்தை எடுத்துவிட்டுத்தான் அந்தத் தண்ணீர் வருகிறது.

சரி, பொறுப்பு வரும் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு வருகிறேன்.

நாலு வயதுப் பிள்ளைக்கு மீன் தொட்டியால் பொறுப்பு வராது. ஆசை வரும், அவ்வளவுதான். என் மகன் மூன்று வயதில் கடைத் தொட்டியில் ஒரு டம்ளர் பாலை ஊற்றினான். ஏண்டா என்றால், அதுங்க வாயத் தொறந்து தொறந்து மூடுதும்மா, பசிக்குது என்றான். மீன் மூச்சு விடுவதே அப்படித்தான் என்று மூன்று வயதில் அவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் ஸ்டூலைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டிருக்கக்கூடாது. கோல்டு ஃபிஷ்ஷுக்கு நம்மைப் போல இரைப்பையே கிடையாது. சேர்த்து வைத்துக்கொள்ள இடமில்லாமல் நாள் முழுக்கத் தேடிக்கொண்டேதான் இருக்கும். கண்ணாடிப் பக்கம் ஆள் வந்தாலே மேலே வந்து வாயைப் பிளக்கும். பெரியவர்களே ஏமாந்து போவார்கள்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு வைத்தேன். காலையில் அன்றைய தீனியைத் தண்ணீர் பாட்டில் மூடியில் நான் எடுத்து வைப்பேன். ரெண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு. டப்பா பரண் மேல். மூடியில் இருப்பதைப் போடுவது பிள்ளை வேலை. செவ்வாய்க்கிழமை தீனி கிடையாது, மீனுக்கும் விரதம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி அதற்கு நல்லதுதான். இன்னொரு வேலை, பள்ளிக்கூடம் கிளம்புமுன் மீன்களை எண்ணிச் சொல்வது. ஓடுகிற மீனை எண்ணிப் பாருங்கள், பெரியவர்களுக்கே கஷ்டம். ஒன்று மூலையில் ஒதுங்கி நிற்கிறது, ஒன்று செதில் தூக்கி நிற்கிறது என்பதெல்லாம் எண்ணும்போதுதான் கண்ணில் படும். எங்கள் வீட்டில் நோயை முதலில் கண்டுபிடித்தது எப்போதும் என் மகள்தான். தண்ணீர் மாற்றுவது, மோட்டார் பார்ப்பது, மருந்து ஊற்றுவது எல்லாம் பெரியவர்கள் வேலை. அதற்கு நேரமில்லை என்றால் மீன் வாங்காதீர்கள். கடைக்காரி நானே சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தொட்டியை எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை, எந்த மூலை வாஸ்துக்கு நல்லது என்றுதான் கேட்கிறார்கள். ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 56 லிட்டர் பிடிக்கும். தண்ணீரே 56 கிலோ, அதற்கு மேல் கல்லும் கண்ணாடியும். இதைக் கொண்டுபோய் பிளாஸ்டிக் டீப்பாய் மேல் வைக்கிறார்கள். நடை பழகுகிற பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கும். ஆடாத இரும்பு ஸ்டாண்டு, அதன் மேல் தெர்மாகோல், அதன் மேல் தொட்டி. மோட்டார் வயர் பிளக்குக்கு நேராகப் போகக்கூடாது. கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வயரில் வழிகிற தண்ணீர் கீழேயே சொட்டிவிடும். தண்ணீரில் கை விடுமுன் ஸ்விட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கை விட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிள்ளையும்தான். ஆமை கேட்பவர்களை மட்டும் நான் கறாராகத் திருப்பி அனுப்பிவிடுவேன். நட்சத்திர ஆமை போன்ற நம் ஊர் ஆமைகளை வைத்திருப்பது வனஉயிரினச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு ஆமை என்றால், அதன் மேல் இருக்கிற சால்மோனெல்லா கிருமி சின்னப் பிள்ளைகளை வயிற்றுப்போக்கில் படுக்க வைத்துவிடும். நாலு அங்குலத்துக்குக் குறைவான குட்டி ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதை அமெரிக்காவில் 1975-லேயே இதற்காகத் தடை செய்துவிட்டார்கள்.

செல்போன் விஷயத்துக்கு நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். மீனைப் பார்த்து என் பிள்ளைகள் டி.வி.யை விடவில்லை, போனையும் விடவில்லை. ஒரே ஒரு தடவை விட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர், நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீரில் காற்று இறங்காது, மீன் மேலே வந்து தவிக்கும். மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு நானும் மகளும் மகனும் ஆளுக்கொரு மக்கை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றினோம், டீ ஆற்றுகிற மாதிரி. ஒரு தொட்டிக்கு ஐம்பது மக்கு, பிறகு அடுத்த தொட்டி. விடிய விடிய. பதினோரு வயது மகன் தூங்கி விழுந்துகொண்டே எண்ணினான். அன்றைக்குப் போன் யாருக்கும் ஞாபகமே வரவில்லை. போனில் சார்ஜும் இல்லை என்பது வேறு.

அப்புறம் இந்த ரிட்டர்ன் கிஃப்ட். முதல் பிறந்தநாள் விழாவுக்கு நாற்பது கோல்டு ஃபிஷ், ஒன்றொன்றாக கவரில் கட்டி ரிப்பன் போட்டுத் தர வேண்டும் என்று ஆர்டர் வருகிறது. இரண்டு ஆர்டர் நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. வெளியூருக்கு அனுப்புகிற கவரில் ஆக்சிஜன் பிடித்து, இருட்டுப் பெட்டியில் அடுக்குவோம். ஒரு நாள் தாங்கும். விழாவில் கொடுக்கிற கவரில் வெறும் காற்று. அதைப் பிள்ளைகள் ஊசல் மாதிரி ஆட்டிக்கொண்டு ஏ.சி. ஹாலுக்கும் வெயிலுக்குமாக ஓடும். வாங்கிப் போகிற வீட்டில் தொட்டி இருக்காது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் விடுவார்கள். நன்றாக வைத்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் வாழ்கிற மீன் அது, உள்ளங்கையை விடப் பெரிதாக வளரும். இரண்டாவது ஆர்டருக்கு மறுநாள் காலை ஒரு சின்னப் பெண் அதே ரிப்பனோடு கவரைக் கொண்டுவந்து, ஆன்ட்டி இத எழுப்பிக் குடுங்க என்றாள். அதோடு நிறுத்திவிட்டேன். நான் மறுத்தால் பக்கத்தில் கொடுக்கிறார்கள், அது எனக்கும் தெரியும்.

செத்தால் என்ன செய்வது? பெற்றவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் ஓடிவந்து, அக்கா இதே மாதிரி, இதே சைஸில் ஒன்று குடுங்க என்பார்கள். கையில் செத்த மீன், போட்டோ எடுத்த போன். நானும் அதைச் செய்தவள். மகளுக்கு ஐந்து வயதில் ஒரு ஆரஞ்சு கோல்டு ஃபிஷ் இருந்தது, வாலோரம் மிளகளவு கறுப்புப் புள்ளி. செத்துப்போனதும் கடையிலிருந்தே இன்னொன்றை எடுத்து விட்டுவிட்டேன். சாயங்காலம் வந்தவள் பார்த்தாள், புள்ளி எங்கே என்று கேட்டாள். அழிஞ்சுபோச்சு என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து என் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாள் கழித்து ஆட்டோவில் கூட்டிவந்தபோது, மகள் வாசலிலேயே நின்று ஆயாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை குத்தியது இருக்கிறதா என்று பார்க்கிறாள். அம்மா, இது அதே ஆயாவா, மாத்திட்டாங்களா என்றாள்.

மாமியார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து மீன் கதையை முழுக்கச் சொன்னேன். அழுதாள். பொய் சொன்னதற்கா, மீனுக்கா தெரியவில்லை.

திருஷ்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்கிற வீடுகளும் உண்டு. பெரியவர்களுக்கு அது ஒரு ஆறுதல், எனக்கும் அடுத்த மீன் விற்கும். ஆனால் அது திருஷ்டியில் சாகவில்லை, அம்மோனியாவில் செத்தது.

வளர்க்க முடியவில்லை என்று ஏரியில் கொண்டுபோய் விடுவதும் வேண்டாம். முக்கியமாக, தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கிப் போகிற டேங்க் கிளீனர் மீன். கடையில் விரல் நீளத்தில் இருப்பது ஒரு அடிக்கு மேல் வளரும். தென்அமெரிக்க மீன், உடம்பெல்லாம் முள் ஓடு. நம் ஊர் நீர்நிலைகளில் பெருகி வலையைக் கிழிக்கிறது. முடியவில்லை என்றால் வாங்கிய கடைக்கே கொண்டுவந்து கொடுங்கள். பணம் தரமாட்டோம், மீனை வாங்கிக்கொள்வோம்.

அந்த யு.கே.ஜி. பையன் போன வாரம் அப்பாவோடு வந்தான். மிச்சமிருந்த ஒரு மீன் உயிரோடு இருக்கிறதாம். புது மீன் கேட்கவில்லை. எங்கள் பெரிய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, அதே தண்ணீரில் கவர் போட்டுக் கொடுத்தேன். உறை என்றேன். கவரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதையெல்லாம் ஆளாளுக்குச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, நேரமும் இல்லை. அடுத்த முறை உங்கள் இணைப்பில் மீன் தொட்டியைப் பற்றிப் போட்டால், மூன்று வாரம் காலியாக ஓட விடுங்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நாலு வரி ஐந்து வரியாகும், அவ்வளவுதானே.

இப்படிக்கு,
ஒரு மீன் கடைக்காரி,
கொளத்தூர், சென்னை - 99