மகேஸ்வரிக்கு, எம்பிஏ சேர்வதற்கு முன்

அன்புள்ள மகேஸ்வரி,

"எம்பிஏ சேர்வது என்று முடிவு பண்ணிவிட்டேன் அக்கா. பிசினஸ் அனலிட்டிக்ஸ் எடுக்கட்டுமா, இன்டர்நேஷனல் பிசினஸ் எடுக்கட்டுமா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம் அம்மணி, ஃபைனான்ஸ் எடு. காரணத்தை வாட்ஸ்அப்பில் சொல்லி முடியாது, அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டில் வாங்குகிற பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை நடத்துகிறவராக, எட்டுப் பத்து வருடம் ஓட்டிவிட்டு இதே கேள்வியோடு நிற்கிற பெண்கள் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

முதலில் உன் வேலையைப் பார்ப்போம். பையரிடமிருந்து டெக் பேக், அதாவது ஆடையின் முழு விவரக் குறிப்பு, வந்த நாளிலிருந்து சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறும் வரை ஆர்டரின் ஒவ்வொரு அடியும் உனக்குத் தெரியும். நூல் என்றைக்கு வரும், நிட்டிங் எங்கே, டையிங் எங்கே, லேப் டிப் (சாய மாதிரித் துணி) ஓகே ஆனதா, சைஸ் செட் (எல்லா அளவிலும் தைத்த மாதிரி) போய்ச் சேர்ந்ததா, எல்லாம் உன் விரல் நுனியில். காஸ்டிங் ஷீட்டும், அதாவது பீஸுக்கு ஆகும் செலவுக் கணக்கும், நீதான் போடுகிறாய். ஆனால் அதன் கடைசி வரியில் லாப சதவீதத்தை எழுதுவது முதலாளியும் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரும். பையர் விலையைக் குறைக்கச் சொன்னால் நீ அந்த மெயிலை அவர்களுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாய். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான கூடுதல் வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியதே, அப்போது யார் எவ்வளவு சுமப்பது என்று ஊரில் ஒவ்வொரு கம்பெனியிலும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பையரின் குணம் தெரிந்த மெர்ச்சண்டைசர்கள் பெரும்பாலும் கதவுக்கு வெளியேதான் இருந்தார்கள். நீ எங்கே இருந்தாய் என்று யோசித்துப் பார். அந்த அறைக்குள் போக உனக்குக் குறைவது பணத்தின் கணக்கு. ஸ்பெஷலைசேஷனை அந்தக் குறையிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 50,000 டி-ஷர்ட், பீஸ் எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை, 3 டாலர். மொத்தம் 1,50,000 டாலர். பையர் எழுதுகிறார்: "விலை அதேதான், பேமெண்ட் மட்டும் 60 நாளுக்குப் பதில் 90 நாள்." விலை குறையவில்லையே என்று நிம்மதியாகச் சரி சொல்லத் தோன்றும். நம் பணம் இன்னும் 30 நாள் வெளியே நிற்கிறது. வங்கி வட்டி 9 சதவீதம் என்று வைத்தால் அந்த ஒரு மாதத்துக்கு 1,125 டாலர். பீஸுக்குப் பிரித்தால் இரண்டேகால் சென்ட். டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் ஏறக்குறைய 95,600 ரூபாய் போகிறது. அதே பையர் "பீஸுக்கு இரண்டு சென்ட் குறை" என்று கேட்டிருந்தால் நீ ஒரு வாரம் போராடியிருப்பாய். அவர் கேட்டது அதைவிட அதிகம், கேட்ட விதம்தான் வேறு. இதைப் பார்த்த உடனே பிடிக்கிற கண் உனக்கு வந்துவிட்டால், பதில் மெயிலை நீயே எழுதலாம்: 90 நாள் வேண்டுமென்றால் விலை 3.03.

ஃபைனான்ஸில் ஒர்க்கிங் கேபிடல் என்று ஒரு பாடம் வரும். நூல்காரருக்கு எத்தனை நாளில் பணம், டையிங் ஜாப் ஒர்க்குக்கு எத்தனை நாளில், தையல் கூலி வாரா வாரம், பையரிடமிருந்து வருவது மூன்று மாதம் கழித்து. இடையில் உள்ள பள்ளத்தை பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு ஏறுவதற்கு முன் வங்கி தரும் கடன், வாங்கித்தான் நிரப்புகிறோம். டாலர் ஏறினாலும் இறங்கினாலும் கணக்கு ஆடாமல் இருக்க டாலர் விலையை வங்கியோடு முன்கூட்டியே பேசி வைக்கும் ஃபார்வர்டு காண்ட்ராக்ட் போடுகிறோம். டிராபேக், ஆர்ஓஎஸ்சிடிஎல் என்று ஏற்றுமதிக்காக அரசிடமிருந்து திரும்பி வரும் வரித் தொகை விலைக்குள் எப்படிக் கலந்திருக்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பாடப்புத்தகம் இதை சிமெண்ட் கம்பெனி உதாரணத்தோடு சொல்லும். நீ ஒவ்வொரு பக்கத்திலும் உன் ஆர்டரை வைத்துப் படிப்பாய். கல்லூரி முடித்து நேராக வருகிற பிள்ளைகளுக்கு அது வாய்க்காது. வேலையில் இருந்துகொண்டு படிப்பதில் உள்ள பெரிய லாபம் இது.

இன்டர்நேஷனல் பிசினஸை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதில் வரும் எல்சி (வங்கியின் பேமெண்ட் உத்தரவாதம்), இன்கோடெர்ம்ஸ் (சரக்குப் பொறுப்பும் செலவும் எதுவரை யாருடையது என்ற விதிகள்), ஷிப்பிங் டாக்குமெண்ட் எல்லாம் நீ தினமும் செய்கிற வேலை. தெரிந்ததையே காசு கொடுத்து மறுபடி படிப்பாய். மார்க் நன்றாக வரும், உனக்குப் புதிதாக எதுவும் வராது.

பிசினஸ் அனலிட்டிக்ஸ் நல்ல பாடம்தான். ஆனால் உனக்கு இப்போது தேவையானது எக்செலில் பிவட் டேபிளும், டேட்டாவை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ கொஞ்சமும். அதற்கு நாலு மாத வகுப்பு போதும், இரண்டு வருடப் பட்டம் தேவையில்லை. உன் கம்பெனியில் ஆர்டர் ஸ்டேட்டஸ் இன்னும் தனித்தனி ஷீட்டில் கிடக்கிறது. ஒழுங்கான டேட்டா இல்லாத இடத்தில் அனலிட்டிக்ஸ் படித்தவர் அதைச் சுத்தம் செய்வதிலேயே காலத்தைக் கழிப்பார்.

ஆபரேஷன்ஸ் எனக்கு இரண்டாவது விருப்பம். ஃபேக்டரி மேனேஜர் ஆக வேண்டும், லைன் பேலன்சிங்கும் (தையல் லைனில் வேலையைச் சமமாகப் பிரிப்பது) கட்-டு-ஷிப் விகிதமும்தான் (வெட்டியதில் எத்தனை பீஸ் கப்பல் ஏறியது என்ற கணக்கு) உனக்குப் பிடித்தது என்றால் அதை எடு. ஹெச்ஆர் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2025 நவம்பரில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன, பையர்களின் சோஷியல் ஆடிட் வேறு. இந்தச் சட்டங்களும் விதிகளும் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பக்கம் போக ஆசை இருந்தால் அது கௌரவமான வழி. உன்னிடம் அந்த ஆசையை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று தெரிந்துகொள். பெரும்பாலான எம்பிஏவில் முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம்தான். அக்கவுண்டிங், எகனாமிக்ஸ், மார்க்கெட்டிங், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் பொது. ஸ்பெஷலைசேஷன் என்பது பிற்பாதியில் வரும் சில தாள்கள். பல இடங்களில் முதல் வருடம் முடிந்த பிறகுதான் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆகவே "இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் மேடம், சீட் போய்விடும்" என்கிற அட்மிஷன் கவுன்சிலரின் அவசரம் அவருடையது, உன்னுடையது அல்ல.

அப்புறம், எங்கே படிப்பது. அகமதாபாத் ஐஐஎம்மின் ஒரு வருட முழுநேரப் படிப்பு போன்றவற்றுக்குக் கட்டணம் மட்டுமே 30 லட்சத்தைத் தாண்டும், வேலையையும் விட வேண்டும். உன் சம்பளத்துக்கும் வீட்டு நிலைமைக்கும் அது ஒத்து வராது. சென்னை ஐஐடியின் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ, திருச்சி ஐஐஎம் சென்னையில் நடத்தும் வார இறுதிப் படிப்பு, லயோலா வளாகத்தில் இருக்கும் லிபாவின் மாலை வகுப்பு எல்லாமே நன்றாக இருக்கும், சென்னையில் இருப்பவருக்கு. திருப்பூரில் சனிக்கிழமையும் வேலை நாள். ஞாயிற்றுக்கிழமை கூட ஷிப்மெண்ட் நேரத்தில் உனக்குச் சொந்தமில்லை. எனவே தொலைநிலைப் படிப்பு அல்லது ஆன்லைன் படிப்பு, இந்த இரண்டில் ஒன்றுதான் உனக்குச் சரிவரும். அது தாழ்ந்தது என்று கூச்சப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அங்கீகரித்த நிறுவனத்தில் இந்த வழியில் வாங்கும் பட்டம் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று 2020-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் யுஜிசி அதை மறுபடி அறிவிப்பாகவே வெளியிட்டது. தனியார் கம்பெனிகள் யாரை எடுப்பது என்பது அவரவர் விருப்பம், அதை எந்த அறிவிப்பும் மாற்றாது. ஆனால் ஒன்பது வருட அனுபவத்தோடு வருகிறவளிடம் எந்த வழியில் படித்தாய் என்று கேட்டு நேரத்தைக் கழிக்கிறவர்கள் குறைவு.

"அங்கீகரித்த" என்ற இடத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்பது மட்டும் போதாது. நீ சேரும் வருடத்தில், நீ சேரும் அதே படிப்புக்கு, அதே முறையில் நடத்த அனுமதி இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியகத் தளத்தில், டிஇபி என்பார்கள், வருட வாரியாகப் பட்டியல் இருக்கிறது. பழைய, பெரிய பெயர் என்று நம்பிவிடாதே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று 2022 மார்ச்சில் யுஜிசியே எச்சரிக்க வேண்டி வந்தது. இடையில் சேர்ந்தவர்களின் மன உளைச்சலை நினைத்துப் பார். இப்போது சேர்வதற்கு முன் மாணவரே அந்தத் தளத்தில் பதிந்து டிஇபி ஐடி எடுக்க வேண்டும். அதை நீயே உட்கார்ந்து எடு, ஏஜெண்டிடம் ஆதாரைக் கொடுத்து எடுக்கச் சொல்லாதே.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம், நம் ஊர் ஆப் வழியாக, என்று ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாய். இப்படி எட்-டெக் கம்பெனிகளோடு கைகோத்து ஆன்லைனில் தரும் வெளிநாட்டுப் பட்டங்களுக்கு அங்கீகாரம் கிடையாது என்று 2023 டிசம்பரில் யுஜிசி சொல்லிவிட்டது. அடுத்த வருடம் ஏப்ரலில் "பத்து நாள் எம்பிஏ" விளம்பரங்களையும் எச்சரித்தது. ஐஐஎம் பெயர் போட்ட சர்டிபிகேட் கோர்ஸ் வேறு விஷயம். ஐஐஎம்களுக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரமே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அவர்கள் நடத்தும் ஆறு மாத, ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்புகள் எம்பிஏ ஆகாது. அறிவுக்காகப் படிப்பதானால் தாராளமாகப் படி. ஆனால் உனக்குப் பட்டம்தான் வேண்டும். பெங்களூரிலும் குருகிராமிலும் இருக்கும், பையர் சார்பில் ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபீஸ்களில் மேனேஜர் வேலைக்கு முதுகலை கேட்கிறார்கள் என்று நீயே சொன்னாயே.

என் பரிந்துரை இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கட்டணம் மொத்தமாக ஒரு லட்சத்துக்குள் முடியும். இப்போது நுழைவுத் தேர்வு இல்லை. ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு சேர்க்கை. குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் நான்கு வருடம் என்பதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது. குறை என்னவென்றால் யாரும் உன்னைத் துரத்த மாட்டார்கள். அசைன்மெண்டை நீயாக எழுதி நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தேர்வு எழுதியும் பயனில்லை. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். உனக்கு டிசம்பர்தான் சிக்கல். கோடைகால ஆர்டர்கள் ஜனவரி, பிப்ரவரியில் கப்பல் ஏற வேண்டும், டிசம்பர் முழுக்கத் தையல் பறக்கும். எனவே டிசம்பரில் இரண்டு மூன்று தாள் மட்டும் எழுது, பாக்கியை ஜூனுக்குத் தள்ளு. மூன்று வருடத்தில் முடிப்பதாகவே திட்டம் போடு. இரண்டு வருடத்தில் முடித்தே ஆக வேண்டும் என்று மூச்சுமுட்டப் படித்துப் பாதியில் விட்டவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். வேறு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்பிஏ தான் பிடிக்கிறது, ஆசிரியர் முகம் பார்த்துக் கேட்டால்தான் மண்டையில் ஏறும் என்றால் அதற்கும் தடை சொல்ல மாட்டேன். அவர்களுடைய தேர்வு மாதங்களை மட்டும் ஷிப்மெண்ட் காலண்டரோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்.

பணம். "மாதம் இவ்வளவுதான், வட்டி இல்லை" என்று படிப்பை விற்கிறவர்கள் சொல்வார்கள். அது உன் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். படிப்பை நிறுத்தினால் தவணை தானாக நிற்காது. ஒரு லட்சத்துக்குள் முடிகிற படிப்புக்குக் கடனே வேண்டாம், தீபாவளி போனஸில் பாதி வருடக் கட்டணம் கட்டிவிடலாம். கல்விக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு உண்டு என்று யாராவது சொன்னால், அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

மாப்பிள்ளையிடம் பேசினாயா? மாமியாரிடமும் பேசு. தினமும் இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும், பையனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகக் கேள். சேர்ந்த பிறகு அனுசரித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால், அனுசரிப்பது எப்போதும் நீயாகத்தான் இருப்பாய். உன் படிப்பு உன் வீட்டுக்கும் வருமானம், அதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கடைசியாக ப்ராஜெக்ட். பலரும் கடையில் முன்னூறு ரூபாய்க்கு பைண்ட் பண்ணிய பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பெயர் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நீ அதைச் செய்யாதே. உன் கம்பெனியின் ஒரே ஒரு ஆர்டரை எடு. நூல் வாங்கிய நாள் முதல் பையர் பணம் வந்த நாள் வரை எந்தத் தேதியில் எவ்வளவு பணம் வெளியே போனது, உள்ளே வந்தது, வட்டி எவ்வளவு தின்றது, கடைசியில் காஸ்டிங் ஷீட்டில் போட்ட லாபம் உண்மையில் எவ்வளவு நின்றது, இதை எழுது. முதலாளியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கு, பையர் பெயரை மறைத்துவிடு. முடித்ததும் அதே ரிப்போர்ட்டை அவர் மேஜையில் வை. என்னுடைய அனுபவத்தில், தன் கம்பெனியின் கணக்கை இப்படிப் பிரித்துக் காட்டுகிற ஆளை எந்த முதலாளியும் கதவுக்கு வெளியே நிறுத்துவதில்லை.

அந்தக் கவுன்சிலர் மறுபடி அழைத்தால் மூன்று விஷயத்தை மெயிலில் அனுப்பச் சொல்: இந்த வருடத்துக்கான டிஇபி அனுமதிக் கடிதம், முழு சிலபஸ், கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி. போனில் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டாம். மெயில் வந்தால் எனக்கும் அனுப்பு. இந்த ஞாயிறு நான் அவிநாசியில்தான் இருப்பேன், சிலபஸை எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து தாள் தாளாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா